எட்டு லட்சத்தில் ஸ்விட்சர்லாந்து: நாலு பேருக்குக் கட்டுமா?

கேள்வி:

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மஞ்சள் வியாபாரம், நான் தனியார் பள்ளி ஆசிரியை. மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. மாமியாருக்கு 66, சுத்த சைவம். சீட்டு எடுத்த பணமும் சேமிப்புமாக எட்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். மகளுக்கு ஸ்விட்சர்லாந்து போக வேண்டும். மாமியாருக்குப் பனியைக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டூர் கம்பெனி எட்டு நாளைக்குத் தலைக்கு 2 லட்சத்து 95 ஆயிரம் கேட்கிறது. அவர்கள் கொடுத்த பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். சொந்தமாகப் போனால் எட்டு லட்சத்தில் முடியுமா? ஒரு காபியே ஐநூறு ரூபாய் என்கிறார்கள். அரிசி பருப்பு கொண்டுபோக விடுவார்களா? மாமியாருக்கு இன்னும் பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை.

(பெயர் வேண்டாம், கோபி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு முடியாது. எட்டு நாளில் நாலு ஊர், இரண்டு பெரிய மலை, ஒரு கண்ணாடி ரயில், தினமும் இந்தியச் சாப்பாடு என்று போட்டிருக்கிறார்கள். இதையே நீங்கள் தனியாகச் செய்யப் போனால் பன்னிரண்டு லட்சத்தையும் தாண்டிவிடும். நாற்பது பேருக்கு மொத்தமாக ரூம் பிடிப்பவருக்குக் கிடைக்கும் விலை, நாலு பேராகப் போகிறவருக்குக் கிடைக்காது. நானும் டூர் விற்றுப் பிழைப்பவன்தான். அந்தக் கம்பெனி கேட்கும் விலை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் விற்கும் சாமான் வேறு, உங்களுக்கு வேண்டியது வேறு. அவ்வளவுதான்.

அந்த நாட்டில் விலை எப்படி ஓடுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும். நம்மூரில் பொருளுக்குத்தான் காசு, ஆள் கூலி அதில் சின்னப் பங்கு. இரண்டு இட்லியை யாரோ அவித்து, யாரோ இலையில் வைத்து, யாரோ மேசை துடைத்து, எல்லாம் சேர்ந்து முப்பது நாற்பது ரூபாயில் முடிகிறது. அங்கே தலைகீழ். கடையில் பாலும் ரொட்டியும் காய்கறியும் வாங்கினால் விலை நமக்கு அதிகம்தான், ஆனால் மயக்கம் வராது. அதே பாலை ஒருவர் சூடுபண்ணி, கோப்பையில் ஊற்றி, உங்கள் மேசையில் வைத்தால் ஐந்து பிராங்க். ஒரு பிராங்குக்கு 115 ரூபாய் என்று கணக்கு வைத்தால் 575 ரூபாய். உங்களைப் பயமுறுத்திய காபி அதுதான். கொடுத்த காசில் பெரும்பங்கு அதைக் கொண்டுவந்து வைத்தவரின் சம்பளத்துக்குப் போகிறது. 1974-லிருந்தே அங்கே ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணமும் உள்ளடக்கம். தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே ஆள் கை படும் இடத்திலெல்லாம் விலை ஏறும். ரூம் சுத்தம் செய்ய ஆள், காலை டிபனுக்கு ஆள், பெட்டி தூக்க ஆள், ரயிலில் சீட்டுக்கே சாப்பாடு கொண்டுவர ஆள். இதையெல்லாம் நீங்களே செய்துகொண்டால் அந்த நாடு நமக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. கோபிக்காரருக்குச் சமைப்பதும் சுமப்பதும் புதுசா என்ன?

முதலில் தங்குவது. ஹோட்டல் வேண்டாம், சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். நாலு பேருக்கு ஹோட்டலில் இரண்டு ரூம் பிடிக்கச் சொல்வார்கள். அபார்ட்மென்டில் இரண்டு படுக்கையறையும் ஒரு அடுப்பும் கிடைக்கும். ஓரளவு முன்னதாகப் பதிவு செய்தால் ஒரு இரவுக்கு 150-லிருந்து 190 பிராங்குக்குள் நல்லதாகவே பார்க்கலாம். பதிவு செய்யும்போது இரண்டு வரியைக் கவனித்துப் படியுங்கள். ஒன்று, காலி செய்யும்போது கடைசிச் சுத்தத்துக்கென்று தனிக் கட்டணம். இது சில வீடுகளில் நூறு பிராங்கையும் தொடும். இரண்டாவது, ஆளுக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று ஊராட்சி வாங்கும் சுற்றுலா வரி. இந்த இரண்டும் முதல் பக்கத்து விலையில் தெரியாது.

ஊர் மாறாதீர்கள். ஒன்பது இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதுக்கும் ஒரே வீடு. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் கடைசிச் சுத்தக் கட்டணம் இன்னொன்று, ரயில் டிக்கெட் இன்னொன்று. அரைநாள் பெட்டியோடு அலைச்சல். சமைக்க நேரமில்லாமல் வெளியில் ஒரு சாப்பாடு. நாலு பேர் வெளியில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் நூறு பிராங்க் சும்மா போய்விடும். டூர் கம்பெனியின் பட்டியலில் உங்களுக்குப் பணம் கரையும் இடம் மலை அல்ல, இந்த ஊர் மாற்றம்தான்.

எந்த ஊர் என்றால், எல்லோரும் இன்டர்லாக்கன் என்பார்கள். நம் ஆட்கள் அங்கே நிறைய. இந்திய ஹோட்டல்களும் உண்டு, விலையும் அதற்குத் தக்கபடி. நான் சொல்வது ஷ்பீட்ஸ், இல்லாவிட்டால் தூன். இரண்டும் ஒரே ஏரிக்கரையில் இருக்கின்றன. ஷ்பீட்ஸ் ஒரு ஜங்ஷன்: கிழக்கே இன்டர்லாக்கனுக்குச் சுமார் இருபது நிமிடம், வடக்கே தலைநகர் பெர்னுக்கு அரைமணி, தெற்கே மலைக்குகையைக் கடந்து பிரிக் வரைக்கும் வண்டி உண்டு. சூரிச் விமான நிலையத்திலிருந்து பெர்னில் மாறிப் போனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வீடு தேடும்போது ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரமா என்று பாருங்கள்; மேட்டில் இருக்கும் வீட்டின் படத்தில் ஏரி அழகாகத் தெரியும், ஆனால் மாமியார் தினமும் ஏறி இறங்க வேண்டும். பல ஊர்களில் இரவு தங்குகிறவர்களுக்கு ஒரு விருந்தினர் அட்டை கொடுப்பார்கள், உள்ளூர் பஸ் இலவசம். பாசல், ஜெனீவா, இன்டர்லாக்கன் எல்லாவற்றிலும் இது உண்டு. வீட்டை வாடகைக்கு விடுபவர் தானாகத் தர மறந்தால் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கட்டும் சுற்றுலா வரியில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இப்போது ரயில். இங்கேதான் பலரும் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஸ்விஸ் டிராவல் பாஸ் என்று ஒன்று உண்டு: 3, 4, 6, 8, 15 நாள் என்று கிடைக்கும், ரயில், பஸ், ஏரிப்படகு, 500-க்கும் மேற்பட்ட மியூசியம் எல்லாம் அதில் அடக்கம். தினமும் நாடு முழுக்க ஓடுகிறவர்களுக்கு அது லாபம். ஒரே இடத்தில் தங்குகிற உங்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்டுதான் சரி. ஆளுக்குச் சுமார் 150 பிராங்க், ஒரு மாதம் செல்லும்; ரயில், பஸ், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாம் பாதி விலை. கேபிள் காரும் சேர்த்தி. பெரிய மலைக்குப் போகும்போதுதான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். யுங்ஃப்ராயோக் என்ற பனிமலை ரயில் நிலையத்துக்குப் போக டிராவல் பாஸ் வைத்திருந்தால் மேல் பகுதிக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி; ஹாஃப் ஃபேர் கார்டுக்கு 50 சதவீதம்.

மகளுக்குத் தனி கார்டு வேண்டாம். 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஸ்விஸ் ஃபேமிலி கார்டு என்று ஒன்று இலவசமாகக் கொடுப்பார்கள். அம்மாவோ அப்பாவோ கூட இருந்தால் ரயில், பஸ், படகு எதிலும் டிக்கெட் இல்லை. உங்கள் கார்டு வாங்கும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரமாகப் போகிற இரண்டு நாளைக்கு மட்டும் சேவர் டே பாஸ் பாருங்கள். ஆறு மாதம் முன்பிருந்தே விற்பனை, ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் 29 பிராங்கில் தொடங்கும், விற்க விற்க விலை ஏறும். அந்த ஒரு நாள் முழுக்க எந்த ரயிலில் வேண்டுமானாலும் ஏறலாம். டிக்கெட்டை ரயில்வே ஆப்பில் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: வண்டி நகர்வதற்கு முன்பே எடுத்து முடித்திருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்துகொண்டு நெட் வரவில்லை என்று பரிசோதகரிடம் சொன்னால் கேட்க மாட்டார். அபராதச் சீட்டு கையில் வந்துவிடும்.

பட்டியலில் உள்ள கண்ணாடிக் கூரை ரயிலை அடித்துவிடுங்கள். கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் இரண்டுக்கும் டிக்கெட்டுக்கு மேல் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்டாயம். அதே தண்டவாளத்தில், அதே பாலத்தின் மேல், அதே குகைக்குள் சாதாரணப் பாசஞ்சர் வண்டியும் ஓடுகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம். கண்ணாடி வண்டியில் ஜன்னல் திறக்காது. பெர்னினா வழியில் ஓடும் சாதாரண வண்டிகளில் இறக்கிவிடுகிற ஜன்னல் உள்ள பெட்டிகள் பலவும் உண்டு. படம் எடுக்கிறவர்கள் அதைத்தான் தேடி ஏறுவார்கள். ஷ்பீட்ஸிலிருந்து பெர்னினா வெகுதூரம், இந்தப் பயணத்துக்கு வேண்டாம். பழைய லோட்ஷ்பெர்க் மலைப்பாதையில் பிரிக்குக்குப் போகும் பாசஞ்சரில் ஒரு நாள் ஏறுங்கள். காண்டர்ஷ்டெக் தாண்டிக் குகைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்ததும், ரோன் பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும்.

மலை ரயில் என்றதும் ஒரு விஷயம், உங்கள் மகளுக்காக. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயிலுக்கு மாட்டுகிற எக்ஸ் வகை நீராவி என்ஜின்களில் பழையவை ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்தவை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஓடும் பாருங்கள், அந்த அமைப்பை வடிவமைத்தவர் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர். கோவை மில்காரர்களுக்கு வின்டர்தூர் இன்னொரு வழியிலும் சொந்தம்: 1962-ல் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது தொழில்நுட்பக் கூட்டாளியாக இருந்த ரீட்டர் அந்த ஊர்க் கம்பெனி. நம் பக்கத்தில் ரீட்டர் பெயரைக் கேள்விப்படாத ஸ்பின்னிங் மாஸ்டர் இருக்க மாட்டார். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை மேட்டுப்பாளையம் கூட்டிப்போய் அந்த என்ஜினைக் காட்டுங்கள். போகிற நாட்டைப் பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிடும், செலவும் பஸ் காசுதான்.

மலை ஒன்று போதும். மாமியாருக்குப் பனி வேண்டும் என்பதால் யுங்ஃப்ராயோக்கே இருக்கட்டும். 3,454 மீட்டர், 1912-லிருந்து மலையைக் குடைந்து ரயில் ஓடுகிறது. எந்த மாதம் போனாலும் மேலே பனி இருக்கும். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே நீளமான ஆலெட்ச் பனியாறு அங்கிருந்து இறங்கிப் போவதைப் பார்க்கலாம். இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழு டிக்கெட் இருநூறு பிராங்கைத் தாண்டும். பாதி விலையில் பெரியவர்கள் மூன்று பேருக்கு 350 பிராங்க் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். மாமியார் வருவதே இதற்காகத்தான்.

ஆனால் முன்கூட்டியே தேதி போட்டு வாங்க வேண்டாம். மலை மேலே நேரலை கேமரா வைத்திருக்கிறார்கள், போனிலேயே பார்க்கலாம். காலை ஆறு மணிக்குப் பாருங்கள். வெள்ளைச் சுவர் மாதிரி மேகம் மட்டும் தெரிந்தால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். நீல வானம் தெரிந்தால் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒன்பது நாள் ஒரே இடத்தில் இருப்பவருக்குத்தான் இப்படிக் காத்திருக்க முடியும். பேக்கேஜில் போகிறவர் மழையோ மேகமோ, குறித்த தேதியில் ஏறியே ஆக வேண்டும். மேலே காற்று மெல்லிசு. மாமியாருக்கு பிரஷரோ இதயத் தொந்தரவோ இருந்தால் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். மேலே போனதும் வேகமாக நடக்க வேண்டாம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

மீதி நாட்களுக்குக் காசில்லாத காட்சிகளே தாராளம். லவுட்டர்புருனன் பள்ளத்தாக்கில் ஸ்டவுபாக் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, ரோட்டில் நின்றே பார்க்கலாம். பெர்ன் பழைய நகரம், தூன் ஏரிக்கரை நடை, எல்லாம் இலவசம். இவற்றையெல்லாம் விட மாமியாருக்குப் பிடிக்கப்போவது வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

கோடைக்காலம் முழுக்க அந்த ஊர் விவசாயிகள் மாடுகளை மலை மேலே மேய்ச்சலுக்கு விட்டு, செப்டம்பரில் கீழே ஓட்டி வருவார்கள். நெற்றியில் பூக்கட்டு, கழுத்தில் தவலை அளவுக்கு வெண்கல மணி. ஊர் ரோட்டில் வண்டியெல்லாம் ஓரமாக நின்று வழிவிடும். தூன் ஏரிக்கு மேலே யுஸ்டிஸ்டால் என்ற பள்ளத்தாக்கில், அந்தக் கோடை முழுக்கக் காய்ச்சிய பாலாடைக்கட்டிகளை மரக் கொட்டகைக்கு வெளியே அடுக்கி வைத்து, யார் மாடு எத்தனை பால் கறந்ததோ அந்தக் கணக்குப்படி பங்கு பிரித்து, சீட்டுப்போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். அந்தியூர் சந்தையில் மாடு பார்த்துப் பழகியவருக்கு அங்கே மொழி தேவையே இல்லை. மாட்டின் மடியைப் பார்த்தே ரெண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். தேதி ஊருக்கு ஊர் மாறும். தங்கப்போகும் ஊரின் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சொல்லிவிடுவார்கள்.

எந்த மாதம் போவது என்பதற்கும் இதே பதில்தான். மே மாதம் வேண்டாம். நம் பள்ளி விடுமுறை என்பதால் விமான டிக்கெட் உச்சத்தில் இருக்கும், அங்கேயோ பல கேபிள் கார்களைப் பழுதுபார்ப்புக்கு நிறுத்தியிருப்பார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து வரும் விடுமுறை, செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம்: வானம் பெரும்பாலும் தெளிவு, கூட்டம் குறைவு, வீட்டு வாடகையும் இறங்கியிருக்கும். நீங்களும் ஆசிரியை என்பதால் இருவருக்கும் ஒரே விடுமுறை. முன்னும் பின்னும் ஓரிரு நாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள். ஆயுத பூஜையை வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் தேதியை அதற்கேற்ப நகர்த்துங்கள், வியாபாரக்காரர் வீட்டு நியாயம் எனக்குப் புரிகிறது.

விமானத்துக்கு மூன்று வழி. கோவையிலிருந்தே அபுதாபிக்கோ சிங்கப்பூருக்கோ போய் மாறலாம். கொச்சி நெடும்பாசேரியிலிருந்து வளைகுடா வழியாகப் போகலாம். டெல்லி அல்லது மும்பை போய் அங்கிருந்து சூரிச்சுக்கு நேராகப் போகலாம். மாமியாருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஏறுவது சுகம், ஆனால் நெடும்பாசேரியில் போட்டி அதிகம் என்பதால் பலமுறை விலை குறைவாக அமையும். கார் வாடகையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கோவை, அபுதாபி, சூரிச் என்று வேறு வேறு கம்பெனிகளில் தனித்தனி டிக்கெட்டாக வாங்கி ஒட்டுவது மட்டும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும்.

சாப்பாடு. அரிசி கொண்டுபோக வேண்டாம், எந்தக் கடையிலும் பாஸ்மதி கிடைக்கும். பால், தயிர், உருளை, வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் மிக்ரோ, கூப், ஆல்டி, லிடில் எதிலும் வாங்கலாம். இனிப்புச் சேர்க்காத தயிரை 'நாட்டூர்' என்று எழுதியிருப்பார்கள். மாமியாருக்குத் தயிர்சாதம் ஆயிற்று. இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியது உடைத்த துவரம் பருப்பு, பருப்புப்பொடி, சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், காபித்தூள், ஒரு ஃபில்டர். காலையில் அரிசிம்பருப்பு சாதத்தை ஒரே பாத்திரத்தில் வைத்து இறக்கி, டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து டப்பா திறந்து சாப்பிடுவது அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை, அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

எடுத்துப்போகக் கூடாதவையும் உண்டு. பாலோ இறைச்சியோ கலந்த எதையும் இந்தியாவிலிருந்து உள்ளே விடமாட்டார்கள். ஆகவே நெய், பால்பவுடர், பால்கோவா, நெய்யில் கிண்டிய மைசூர்பா எதுவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, பச்சைமிளகாய், பழம் இவையும் வேண்டாம். பிடித்தால் குப்பைக்குப் போகும், அபராதமும் வரலாம். நெய்க்கு அங்கேயே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளுங்கள், பால் வளம் உள்ள நாடு, மணம் நன்றாகவே இருக்கும்.

மாமியாரின் சைவத்துக்கு: பல பாலாடைக்கட்டிகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்க்கிறார்கள். உறையில் பச்சை நிற 'வி' முத்திரை இருந்தால் சைவம். ஃபாண்டூ என்று உருக்கித் தரும் பாலாடைக்கட்டியில் வெள்ளை ஒயின் ஊற்றியிருப்பார்கள். உருளைக்கிழங்கு ரோஸ்டியில் பன்றிக்கறித் துண்டு இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். சூரிச் நகரத்தில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட பொதுக் குடிநீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஆளுக்கொரு பாட்டில் கையில் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடை மூடும் நேரத்தில் பல சாமான்களுக்கு விலைக்குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதுவும் லாபம்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அங்கே பிளக் பாயின்ட் அறுகோணக் குழியாகச் சுவருக்குள் அமுங்கியிருக்கும். கடையில் விற்கிற சதுரமான தடித்த யுனிவர்சல் அடாப்டர் பலவும் அந்தக் குழிக்குள் நுழையாது. ஸ்விஸ் மூன்று முனை அடாப்டர் என்று கேட்டு ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் நம் அலுமினியப் பாத்திரம் சூடாகாது, அங்கே இருக்கும் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் கத்தினால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். குப்பைக்குக் காசு கொடுத்து வாங்கும் தனிப் பை உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டவர் எந்தப் பை வைத்திருக்கிறாரோ அதில்தான் போட வேண்டும்.

கார்டில் பணம் கட்டும்போது மெஷின் 'ரூபாயிலா, பிராங்கிலா' என்று கேட்கும். பிராங்க் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் போடும் மாற்று விலையில் உங்கள் கை கடிக்கும்.

இப்போது கணக்கு. விமான டிக்கெட் ஆளுக்கு 65 ஆயிரம் வீதம் 2 லட்சத்து 60 ஆயிரம். விசா, அதன் சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ் சேர்த்து 50 ஆயிரம். வீடு ஒன்பது இரவுக்கு 170 பிராங்க் வீதம் 1,530 பிராங்க், அதாவது 1 லட்சத்து 76 ஆயிரம். கார்டுகள், விமான நிலையம் போய்வர, யுங்ஃப்ராயோக், இரண்டு டே பாஸ், சில்லறைப் பயணம் சேர்த்து 1,350 பிராங்க், 1 லட்சத்து 55 ஆயிரம். மளிகை 500 பிராங்க், 57 ஆயிரத்துச் சொச்சம். மொத்தம் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் உள்ளே. மீதி ஒரு லட்சத்தில் சுத்தக் கட்டணம், சுற்றுலா வரி, ஸ்டேஷன் கழிப்பறைக்குக்கூட ஒன்றரை இரண்டு பிராங்க் கேட்பது, மகளுக்குச் சாக்லேட், மாமியாருக்குக் கம்பளி. நாலு பேரும் ஒரு நாளாவது வெளியில் உட்கார்ந்து காபி குடியுங்கள், 575 ரூபாய் என்று மாமியாரிடம் மட்டும் சொல்லாதீர்கள். இறங்கி நடக்கும் ஒவ்வொரு கடையிலும் ரூபாயாக மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஊரைப் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பிராங்க் என்று காலையில் வீட்டுக்காரரிடம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், வியாபாரக் கை, தாண்ட விடமாட்டார்.

பேக்கேஜ் யாருக்கு நல்லது என்றும் சொல்லிவிடுகிறேன். போனில் டிக்கெட் எடுக்க, பிளாட்பாரம் பார்த்து வண்டி மாற, குடும்பத்தில் ஒருவருக்காவது தயக்கமில்லாமல் வர வேண்டும். அது இல்லை என்றால் பன்னிரண்டு லட்சமே மலிவு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்தக் கவலை எனக்கு இல்லை. பேக்கேஜ்தான் என்று முடிவானால், சொல்லும் விலையில் டிசிஎஸ், அதாவது டூர் கம்பெனி உங்களிடம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி, சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

விசாவில் ஒரு இடத்தில் மட்டும் கவனம். ஸ்விட்சர்லாந்துக்கு வேண்டியது ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. பெரியவருக்கு 90 யூரோ, 12 வயது முடிந்துவிட்டதால் மகளுக்கும் அதே கட்டணம், கைரேகையும் வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; சென்னை போய்வர வேண்டியிருக்கும். தங்கும் செலவுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு பிராங்க் அளவில் கையிருப்பு காட்டும்படி எதிர்பார்ப்பார்கள். சீட்டு எடுத்த பணத்தை விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மொத்தமாகக் கணக்கில் போட்டீர்கள் என்றால் ஸ்டேட்மென்டைப் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். இப்போதே கணக்கில் போட்டுவிடுங்கள், சீட்டுக் கம்பெனி கொடுத்த ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரின் வருமான வரித் தாக்கல், ஜிஎஸ்டி பதிவு, உங்கள் பள்ளியின் லீவு கடிதம் மூன்றும் வலு.

இதற்கெல்லாம் முன்னால் மாமியாரின் பாஸ்போர்ட். நாளைக்கே தொடங்குங்கள். கோவை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குத் தேதி வாங்குவதற்கு முன் அவருடைய ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல், பிறந்த தேதி ஒன்றில் வருடம் மட்டும் என்று இருக்கும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பாஸ்போர்ட், பிறகுதான் விமான டிக்கெட். மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.